மண்டபத்திலிருந்து உறுப்பினர் பட்டியலுக்கு: ஒன்ராறியோவில் ஒரு கட்சி தன் தலைவர்களைத் தேர்ந்த வரலாறு

1. கேள்வி

1971 பெப்ரவரியில் பில் டேவிஸ் 44 வாக்கு வித்தியாசத்தில் ஒன்ராறியோ முற்போக்குக் கன்சர்வேட்டிவ் கட்சியின் தலைவரானார். இறுதிச் சுற்றில் அவருக்கு 812 வாக்கு, அலன் லோரன்ஸுக்கு 768. மொத்தத்தில் ஒரே மண்டபத்தில் கூடிய 1,580 பேராளர்களின் தீர்ப்பு அது. 2018 மார்ச்சில் அதே கட்சி டக் ஃபோர்டைத் தேர்ந்தபோது மாகாணம் முழுவதிலுமிருந்து சுமார் 64,000 உறுப்பினர்கள் இணையவழியே வாக்களித்தனர். ஆனால் இறுதிச் சுற்றில் கூடுதல் வாக்குகள் பெற்றவர் ஃபோர்ட் அல்லர். அவரை எதிர்த்து நின்ற கிறிஸ்டீன் எலியட். டேவிஸ் 14 ஆண்டுகள் மாகாண முதல்வராக இருந்தார். ஃபோர்ட் 2018, 2022, 2025 என மூன்று தேர்தல்களில் தொடர்ந்து பெரும்பான்மை பெற்றார்.

இந்த மாற்றத்தை ஒரு நேர்கோடாகவே பொதுவாக விளக்குகிறார்கள். முதலில் சட்டமன்றக் குழு தலைவரைத் தேர்ந்தது, பிறகு பேராளர் மாநாடு, அதன்பின் உறுப்பினர் அனைவரும். ஆகவே உட்கட்சி ஜனநாயகம் படிப்படியாக விரிந்திருக்கிறது என்பது அந்த விளக்கம். கட்சிகள் எவ்வளவு விரிந்தாலும் அதிகாரம் சிலரிடமே குவியும் என்று 1911இலேயே வாதிட்ட ரொபேர்ட் மிஷெல்ஸின் வழிவந்தோர் இதற்கு நேர் எதிரான முடிவுக்கு வருவார்கள். அண்மைக்கால ஆய்வாளர்கள் இன்னும் நிதானமாகப் பேசுகிறார்கள். பங்கேற்போர் தொகை, போட்டியின் தரம், பிரதிநிதித்துவம் ஆகிய மூன்றும் ஒன்றாக வளர்வதில்லை என்பது ஹசானும் ரஹாத்தும் முன்வைத்த கருத்து. தேர்தலில் தோற்று எதிர்க்கட்சி வரிசைக்குப் போன கட்சிகளே பெரும்பாலும் தேர்வுரிமையை விரிக்கின்றன என்று வில்லியம் குரொஸும் அன்ட்ரே பிளேயும் காட்டியிருக்கிறார்கள்.

ஒன்ராறியோக் கட்சியின் வரலாற்றை இந்தப் பின்னணியில் வாசிக்கும்போது, எத்தனை பேர் வாக்களித்தார்கள் என்ற கேள்வி போதாமல் போகிறது. வாக்காளர் பட்டியல் யாரால், எப்போது ஆக்கப்பட்டது, அதிலுள்ள ஒவ்வொரு பெயருக்கும் எவ்வளவு எடை தரப்பட்டது, தேர்ந்த தலைவரை நீக்கும் உரிமை யாரிடம் இருந்தது என்ற மூன்றையும் சேர்த்துக் கேட்க வேண்டியிருக்கிறது. தேர்வு விரிந்த அளவுக்கு நீக்கம் விரியவில்லை என்பதும், விரிந்த தேர்வின் பலன் முதலில் பட்டியலை ஆக்குவோர் கைக்கே போனது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

2. குழு அறையும் மாநாடும்

1919 தேர்தலில் ஆட்சியை இழந்த ஒன்ராறியோக் கன்சர்வேட்டிவ்கள் 1920இல் மாநாடு கூட்டி ஹவார்ட் ஃபெர்கசனைத் தலைவராக்கினர். அதற்கு முந்தைய ஆண்டுதான் மத்திய லிபரல் கட்சி மாநாட்டின் மூலம் மக்கன்ஸி கிங்கைத் தேர்ந்து புதிய வழக்கத்தைத் தொடங்கி வைத்திருந்தது. 1943இல் ஜோர்ஜ் ட்ரூ ஆட்சியைப் பிடித்தபின் 42 ஆண்டுகள் கட்சி அதை விடவில்லை. அந்தக் காலத்தில் தலைமைத் தேர்வு என்றாலே நடைமுறையில் முதல்வர் தேர்வுதான். 1961இல் ஏழு பேர் போட்டியிட்டு, ஆறாவது சுற்றில் ஜோன் ரொபார்ட்ஸ் வென்றார். கடைசிக் கட்டத்தில் ரொபேர்ட் மக்கோலி தம் ஆதரவை அவர் பக்கம் திருப்பியதே முடிவைத் தீர்மானித்தது.

மாநாட்டு முறையின் இயல்பு 1971இல்தான் தெளிவாகத் தெரிகிறது. மேப்பிள் லீஃப் கார்டன்ஸ் அரங்கில் வாக்களிப்புக்கென வைத்த இயந்திரங்கள் பழுதாகிவிட, கடதாசி வாக்குச்சீட்டுக்கு மாறினார்கள். முடிவுகள் மணிக்கணக்கில் தாமதித்தன. டார்சி மக்கியோ தோற்றதும் டேவிஸின் பக்கம் போனார். எல்லாம் எல்லோர் கண்முன்னும் நடந்தது: யார் யாரிடம் போகிறார், யாருடைய ஆட்கள் பின்தொடர்கிறார்கள், யார் தயங்கி நிற்கிறார்கள் என்பதைப் பேராளர் ஒவ்வொருவரும் பார்த்துக்கொண்டிருந்தனர். அதைவிட முக்கியமானது பிறகு நடந்தது. லோரன்ஸின் பிரசாரத்தை நடத்திய நோர்மன் அட்கின்ஸ் குழுவினரை டேவிஸின் ஆட்கள் அழைத்துத் தம்மோடு சேர்த்துக்கொண்டார்கள். பின்னாளில் ‘பெரிய நீல இயந்திரம்’ என்று பேர்பெற்ற தேர்தல் அமைப்பு அப்படித்தான் உருவானது. தோற்றவரின் ஆட்களும் அதே அரங்கில், அதே கட்சியில், தொடர்ந்து பழகவேண்டியவர்களாக இருந்ததால்தான் இது கூடிற்று. மாநாட்டு முறையை விமர்சிப்போர் இந்த ஒட்டவைக்கும் ஆற்றலைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள் என்றே நான் கருதுகிறேன்.

ஆனால் அந்த முறையைத் தூக்கிப் பிடிக்கவும் முடியாது. பேராளர்களைத் தெரிவுசெய்யும் தொகுதிக் கூட்டங்கள் 1980களில் ஆள்சேர்ப்புக் களங்களாகிவிட்டன. 1983இல் மத்தியக் கட்சியில் ஜோ கிளார்க்கும் பிரையன் மல்ரோனியும் மோதியபோது, மொன்றியலில் வீடற்றோர் காப்பகத்தில் இருந்தவர்களைப் பேருந்தில் ஏற்றிக் கூட்டத்துக்குக் கொண்டுவந்தது நாடறிந்த செய்தி. ஆகவே கடைசி நேரத்தில் ஆட்களைச் சேர்த்துப் பட்டியலை நிரப்பும் வழக்கம், அனைத்து உறுப்பினர் வாக்கெடுப்போடு பிறந்தது என்பது சரியல்ல.

3. 1985: ஒரே ஆண்டில் இரு மாநாடுகள்

டேவிஸ் விலகுவதாக அறிவித்தபின் 1985 ஜனவரியில் நடந்த மாநாட்டில் நால்வர் போட்டியிட்டனர். இரண்டாவது சுற்றில் டெனிஸ் டிம்பிரெல் ஆறே வாக்குகளால் மூன்றாமிடத்துக்குத் தள்ளப்பட்டு வெளியேறினார். இறுதிச் சுற்றில் மஸ்கோக்காவைச் சேர்ந்த ஃபிராங்க் மில்லர் 869 வாக்கும், ரொறன்ரோவின் லாரி குரொஸ்மன் 792 வாக்கும் பெற்றனர். மில்லர் பெப்ரவரியில் முதல்வரானார். மே 2 தேர்தலில் 52 ஆசனம் பெற்றார். லிபரல்களுக்கு 48, புதிய ஜனநாயகக் கட்சிக்கு 25. அவ்விரு கட்சிகளும் உடன்பாடு செய்துகொள்ள, ஜூன் மாதம் 42 ஆண்டு ஆட்சி முடிந்தது. நவம்பரில் மறுபடியும் மாநாடு. இம்முறை குரொஸ்மன் டிம்பிரெல்லை 848க்கு 829 என்று வென்றார். இடைவெளி 19 வாக்கு. 1987 தேர்தலில் கட்சி 16 ஆசனங்களோடு மூன்றாமிடத்துக்கு விழுந்தது. குரொஸ்மன் தம் தொகுதியையே இழந்தார்.

உறுப்பினர் வாக்கெடுப்பு வந்ததால் கட்சி வலப்பக்கம் சாய்ந்தது என்றொரு வாசிப்பு உண்டு. நகர மிதவாதிகளின் பிடியிலிருந்த கட்சியைச் சிறுநகர உறுப்பினர்கள் மீட்டு 1990இல் மைக் ஹரிஸிடம் கொடுத்தார்கள் என்பது அதன் சாரம். 1985 ஜனவரி இந்த வாசிப்புக்கு இடம் தரவில்லை. சிறுநகரப் பழமைவாதியான மில்லரைத் தேர்ந்தது பேராளர் மாநாடுதான். மறுபுறம், மிதவாதியான ஜோன் டோரியை 2004இல் தேர்ந்தவர்கள் உறுப்பினர்கள். தேர்வுமுறை கட்சியின் கொள்கைத் திசையைத் தன்னந்தனியாக நிர்ணயிப்பதில்லை. தலைவராக விரும்புபவர் யாரிடம் போய்க் கையேந்த வேண்டும் என்பதைத்தான் அது நிர்ணயிக்கிறது.

4. தொகுதிக்கு நூறு புள்ளி

1990 மே மாதம் கட்சி புதிய முறையில் தலைவரைத் தேர்ந்தது. உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்கு. ஆனால் வாக்குகளை மொத்தமாகக் கூட்டுவதில்லை. 130 தொகுதிகளுக்கும் தலா 100 புள்ளி. தொகுதியில் பெற்ற வாக்கு வீதத்துக்கேற்ப வேட்பாளர்கள் அதைப் பங்கிட்டுக்கொள்வார்கள். ஹரிஸ் 7,175 புள்ளியும் டயன் கனிங்ஹம் 5,825 புள்ளியும் பெற்றனர்.

குரொஸ்–பிளே கருத்துக்கு இது நல்ல சான்று. அடுத்தடுத்து இரு தேர்தல்களில் தோற்று, ஒட்டுமொத்த அமைப்பும் சோர்ந்திருந்த கட்சிக்கு உறுப்பினர்களும் அவர்களது சந்தாவும் வேண்டியிருந்தன. கனடாவில் அப்போது வீசிய காற்றும் அதுதான். பார்ட்டி கெபெக்குவா 1985இலேயே தன் தலைவரை உறுப்பினர் வாக்கால் தேர்ந்திருந்தது. 1992இல் நோவா ஸ்கோஷியா லிபரல் கட்சி தொலைபேசி வழியே வாக்கெடுப்பு நடத்தப்போய், கருவிகள் செயலிழந்து, மறுபடியும் நடத்தவேண்டி வந்தது. அதே ஆண்டு அல்பெர்ட்டாவில் முதற்சுற்றில் நன்சி பெட்கோவ்ஸ்கியைவிட ஒரு வாக்கு பின்னால் இருந்த ரால்ஃப் கிளைன், இரண்டாம் சுற்றுக்குள் பெருந்தொகையான புது உறுப்பினர்கள் சேர்ந்ததும் எளிதாக வென்றார். இரு சுற்றுகளுக்கு நடுவிலும் அங்கே உறுப்பினர் அட்டை வாங்க முடிந்தது.

புள்ளி முறைக்குச் சொல்லப்படும் நியாயம் வலுவானது. பொதுத்தேர்தலில் ஆட்சியைப் பிடிக்க எல்லா வட்டாரங்களிலும் வெல்லவேண்டும். ஒரே இடத்தில் குவிந்த உறுப்பினர்கள் மாகாணக் கட்சியின் தலைவரைத் தீர்மானிப்பது முறையல்ல. ஆனால் இதன் கணக்கைச் சற்றுக் கிட்டப் போய்ப் பார்க்கவேண்டும். 1,500 பேர் வாக்களிக்கும் தொகுதியில் ஒரு வாக்கின் பெறுமதி ஒரு புள்ளியில் பதினைந்தில் ஒரு பங்கு. 150 பேர் வாக்களிக்கும் தொகுதியில் அதே வாக்கு மூன்றில் இரண்டு பங்கு. அதாவது பத்து மடங்கு. ஆகவே கெட்டிக்காரப் பிரசாரக் குழு, கட்சி வலுவாக உள்ள தொகுதியில் ஆயிரம் பேரைத் திரட்டுவதைவிட, கட்சி நலிந்துபோன பத்துத் தொகுதிகளில் தலா நூறு பேரைச் சேர்ப்பதையே விரும்பும். ரொறன்ரோவின் உள்நகரமும் வட ஒன்ராறியோவும் இந்தக் கணக்கில் திடீர் முக்கியத்துவம் பெறுகின்றன. பொதுத்தேர்தலில் கட்சி கண்டுகொள்ளாத இடங்களுக்குத் தலைமைப் போட்டியின்போது வேட்பாளர்கள் ஓடிவருவது இதனால்தான். இது நல்லது என்றே சொல்லலாம். ஆனால் போட்டி முடிந்ததும் அங்கே என்ன எஞ்சுகிறது என்பது வேறு கேள்வி.

5. அட்டை சேர்த்தல்

2015 தலைமைப் போட்டி இந்தக் கேள்வியை நம் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. எலியட் சட்டமன்ற உறுப்பினர். குழுவில் பெரும்பாலோர் அவர் பக்கம். பற்றிக் பிரவுண் பரி தொகுதியின் மத்திய பாராளுமன்ற உறுப்பினர். மாகாண அரசியலுக்குப் புதியவர். அவர் நம்பியது ஆள்சேர்ப்பை. பத்து டொலர் சந்தாவில் 40,000க்கும் மேற்பட்ட உறுப்பினர்களைத் தாம் சேர்த்ததாக அவரது தரப்பு அறிவித்தது. மொத்த உறுப்பினர் தொகை 76,000ஐத் தாண்டியது. தமிழ், பஞ்சாபி, குஜராத்தி, சீன சமூகங்களின் விழாக்களிலும் கோயில் மண்டபங்களிலும் விருந்துகளிலும் அவர் அயராமல் கலந்துகொண்டார். ஈழத்தமிழர் விவகாரத்தில் ஒட்டாவாவில் குரல் கொடுத்தவர் என்ற அறிமுகமும் அவருக்கு இருந்தது. மே 9ஆம் திகதி ஏறத்தாழ 62 விழுக்காடு புள்ளிகளோடு வென்றார்.

இவ்வாறு சேர்ந்தவர்களை ‘உடனடி உறுப்பினர்கள்’ என்று இளக்காரமாகப் பேசும் பழக்கம் இங்கே இருக்கிறது. அதை நான் ஏற்கவில்லை. துப்பாக்கி உரிமையாளர்களும் நிலவுரிமை இயக்கத்தினரும் கருக்கலைப்பு எதிர்ப்பாளர்களும் இதே கட்சியில் இதே வழியில் ஆள்சேர்த்திருக்கிறார்கள். 2009 போட்டியில் ரான்டி ஹிலியரின் பலமே நிலவுரிமை இயக்கம்தான். அவர்களைக் கொள்கைப் பிடிப்புள்ளவர்கள் என்றும், ஸ்காபரோவில் சேர்ந்த தமிழரை வாங்கப்பட்ட தலைகள் என்றும் பிரித்துப் பேசுவதில் நீதி இல்லை. பல தசாப்தங்களாக எட்டாதிருந்த ஒரு கட்சியின் கதவு பத்து டொலருக்குத் திறக்கும்போது உள்ளே போவது எந்தச் சமூகத்துக்கும் இயல்பு.

குறை வேறிடத்தில் இருக்கிறது. தமிழ்ச் சமூகத்தில் அட்டை சேர்த்தல் பெரும்பாலும் உறவு வழியிலும் ஊர்ச்சங்க, பழைய மாணவர் சங்க வழியிலும் நடக்கிறது. படிவத்தைக் கொண்டுவருபவர் தெரிந்தவர். அவரிடம் மறுக்க மனம் வராது. நிரப்பிய படிவங்களோடு பெயர்களும் தொலைபேசி இலக்கங்களும் அவர் கையில் சேர்கின்றன. வேட்பாளர் பேசுவது அவரோடு; பின்னாளில் நியமனம் பற்றியோ பதவி பற்றியோ பேரம் நடந்தாலும் அவரோடுதான். உறுப்பினரானவரின் கருத்தை யாரும் கேட்பதில்லை. பழைய மாநாட்டில் தொகுதிப் பேராளர் இருந்த இடத்தில் இப்போது பட்டியல் வைத்திருப்பவர் இருக்கிறார். பேராளரையாவது தொகுதிக் கூட்டத்தில் வாக்களித்துத் தெரிவுசெய்தார்கள். இவரை யாரும் தெரிவுசெய்யவில்லை.

இந்த இடைத்தரகு எவ்வளவு உடையக்கூடியது என்பதை 2016 ஸ்காபரோ–ரூஜ் ரிவர் இடைத்தேர்தல் காட்டியது. லிபரல் கட்சியும் புதிய ஜனநாயகக் கட்சியும் தமிழ் வேட்பாளர்களை நிறுத்தியிருந்தன. கன்சர்வேட்டிவ் வேட்பாளர் ரேமண்ட் சோ. புதிய பாலியல் கல்விப் பாடத்திட்டத்தை நீக்குவோம் என்று பிரவுணின் பெயரில் ஒரு கடிதம் தொகுதியில் விநியோகிக்கப்பட்டது. சில நாள்களில், வாக்களிப்புக்கு முன்பே, அந்தக் கடிதம் தவறு என்றும் பாடத்திட்டத்தை நீக்கும் எண்ணம் தமக்கு இல்லை என்றும் பிரவுண் பகிரங்கமாக அறிவித்தார். செப்டம்பர் முதலாம் திகதி சோ வென்றார். ஒவ்வொரு சமூகத்துக்கும் ஒவ்வொரு வாக்குறுதி என்று கட்டப்படும் ஆதரவு, அவை ஒன்றாக வெளிச்சத்துக்கு வரும்போது கட்சித் தலைவரையே சிக்கலில் மாட்டிவிடுகிறது.

பலன் இல்லாமலும் போகவில்லை. 2018 தேர்தலில் ஸ்காபரோ–ரூஜ் பார்க்கிலும் மார்க்கம்–தோர்ன்ஹில்லிலும் விஜய் தணிகாசலமும் லோகன் கணபதியும் இக்கட்சியின் வேட்பாளர்களாக வென்றனர். தணிகாசலம் கொண்டுவந்த தமிழின அழிப்பு அறிவூட்டல் வாரச் சட்டம் 2021இல் நிறைவேறியது. கட்சிக்குள் நுழைந்து ஓரிடம் பிடித்திராவிட்டால் இது நடந்திருக்காது.

6. 2018: இரண்டாம் விருப்பத்தின் வலு

ஜனவரியில் பிரவுண் திடீரென விலகியதால் 2018 போட்டி ஆறு வாரங்களில் அவசரமாக நடந்தது. கட்சியில் இரண்டு இலட்சம் உறுப்பினர்கள் இருப்பதாக அதற்கு முன் பெருமையாகச் சொல்லப்பட்டது. இடைக்காலத் தலைவர் விக் ஃபெடெலி கணக்கைச் சரிபார்த்தபோது தொகை சுமார் 1,30,000 என்று தெரியவந்தது. வாக்களிக்கத் தேவையான இரகசிய இலக்கம் தபாலில் வரவேண்டும். பலருக்கு அது வந்துசேரவில்லை. காலத்தை நீட்டிக்கக் கோரிய மனுவை நீதிமன்றம் ஏற்கவில்லை. மார்ச் 10ஆம் திகதி மார்க்கம் மண்டபத்தில் கூடியிருந்தவர்கள் மணிக்கணக்காகக் காத்திருந்தார்கள். மண்டபம் எடுத்த நேரம் முடிந்துவிட்டதென்று முடிவு தெரியாமலே வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். இரவுதான் ஃபோர்டின் வெற்றி அறிவிக்கப்பட்டது: 6,202 புள்ளிக்கு 6,049. வாக்குகளிலும் வென்ற தொகுதிகளின் எண்ணிக்கையிலும் முந்தியிருந்த எலியட் மறுநாள்தான் தோல்வியை ஏற்றார்.

அந்த இரு எண்களையும் கூட்டினால் 12,251 வருகிறது. 124 தொகுதிகளுக்கு 12,400 வரவேண்டும். நூறுக்கும் குறைவான வாக்குகள் விழுந்த தொகுதியில் வாக்குக்கு ஒரு புள்ளி மட்டுமே என்ற விதியால் வந்த வித்தியாசம் இது. ஆளப்போகும் கட்சிக்குத் தலைவரைத் தேரும் நாளில் நூறு பேரைக்கூட வாக்களிக்க வைக்க இயலாத தொகுதிகள் இருந்தன என்பது எனக்கு வெற்றி தோல்வியைவிடக் கவலை தரும் செய்தி.

விருப்பவரிசை வாக்கு இன்னொரு விளைவையும் கொண்டுவந்தது. பாலியல் கல்விப் பாடத்திட்டத்தை எதிர்த்துப் போட்டியிட்ட தன்யா கிரானிக் அலன் முதலில் வெளியேறினார். அவரது ஆதரவாளர்களின் இரண்டாம் விருப்பம் பெரும்பாலும் ஃபோர்டுக்குப் போயிற்று. பழைய மாநாட்டில் இப்படியான ஆதரவு அரங்கில் பேசி, பலர் அறிய இடம் மாறும். இங்கே அது வாக்களிப்புக்கு முன்பே, கொள்கை வாக்குறுதியாக விலை பேசப்படுகிறது. அந்த ஆண்டு ஜூலையில் ஃபோர்ட் அரசு பழைய பாடத்திட்டத்துக்குத் திரும்புவதாக அறிவித்தது. கிரானிக் அலனோ மே மாதமே பொதுத்தேர்தல் வேட்பாளர் நிலையிலிருந்து நீக்கப்பட்டிருந்தார். பிரவுண் காலத்தில் 2017 நவம்பரில் வெளியிட்ட தேர்தல் அறிக்கை கரிம வரியை ஏற்றிருந்தது. தலைமைப் போட்டியில் நின்ற நால்வரும் அதைக் கைவிட்டனர். மாகாணத்தின் காலநிலைக் கொள்கையில் பெரிய திருப்பம் ஒன்று பொதுத்தேர்தலுக்கு மூன்று மாதம் முன்பே, கட்சி உறுப்பினர்களைக் கவரும் முயற்சியில் தீர்மானமாகிவிட்டது.

7. நீக்கும் உரிமை

2018 ஜனவரி 24ஆம் திகதி இரவு பிரவுண் மீது பாலியல் முறைகேட்டுக் குற்றச்சாட்டுகள் தொலைக்காட்சியில் வெளியாயின. அவர் மறுத்தார். சட்டமன்றக் குழு தொலைபேசியில் கூடியது. அவர் பின்னால் எவரும் நிற்கவில்லை. விடியுமுன் பதவி விலகினார். அச்செய்தி குறித்த அவதூறு வழக்கு 2022இல் சமரசத்தில் முடிந்தது. செய்தியின் சில முக்கிய விபரங்கள் தவறானவை என்று ஒளிபரப்பு நிறுவனம் வருத்தம் தெரிவித்தது. அந்த இரவில் வேறு முடிவு எடுத்திருக்கலாமா என்பது இங்கே விவாதமல்ல. 76,000 பேரைக் கொண்ட பட்டியல் தேர்ந்த தலைவரைச் சில டசின் பேர் ஒரே இரவில் கைவிட முடிந்தது என்பதே கவனிக்கவேண்டியது. 1920க்கு முந்தைய அதிகார இடம் அப்படியேதான் இருந்திருக்கிறது.

ஜோன் டோரியின் கதை இதற்கு மறுபக்கம். மதப் பாடசாலைகளுக்கு அரச நிதி என்ற வாக்குறுதியால் 2007இல் தேர்தலையும் தம் தொகுதியையும் இழந்த அவரை, உறுப்பினர் அனைவரிடமும் கேட்காமல், 2008 பெப்ரவரியில் லண்டன் நகரில் கூடிய பேராளர்களே மதிப்பிட்டனர். 66.9 விழுக்காடு ஆதரவு. மூன்று மணி நேரம் யோசித்தபின் தொடர்வதாக அறிவித்தார். அடுத்த ஆண்டு இடைத்தேர்தலில் தோற்றபின்தான் விலகினார். ஒன்ராறியோ லிபரல்களிடமும் இதே முரண் வந்துவிட்டது. 2023இல் உறுப்பினர் வாக்கால் பொனி குரொம்பியைத் தேர்ந்தவர்கள், 2025 செப்டம்பரில் பேராளர் மன்றத்தில் 57 விழுக்காடு ஆதரவே தந்தார்கள். அன்றே அவர் விலகும் முடிவை அறிவித்தார்.

தேர்ந்தவர்களிடமே நீக்கும் உரிமையையும் கொடுத்துவிட்டால் போதும் என்று இங்கே தோன்றலாம். அல்பெர்ட்டா அதைச் செய்து பார்த்தது. 2022 மே மாதம் முதல்வர் ஜேசன் கென்னி மீதான நம்பிக்கை வாக்கெடுப்பு தபால் மூலம் உறுப்பினர் அனைவரிடமும் நடத்தப்பட்டது. 34,298 பேர் வாக்களித்தனர், 51.4 விழுக்காடு ஆதரவு. கென்னி விலகுவதாக அறிவித்தார். பெருந்தொற்றுக் கட்டுப்பாடுகள் மீதான கோபத்தில் திரண்டிருந்த உறுப்பினர்கள் அக்டோபரில் டனியல் ஸ்மித்தை ஆறாவது சுற்றில் தேர்ந்து முதல்வராக்கினர். பொதுத்தேர்தலில் பெரும்பான்மை பெற்றிருந்த ஒருவர் போய் இன்னொருவர் வந்ததில் மாகாண வாக்காளருக்கு 2023 மே வரை பங்கே இருக்கவில்லை.

ஆகவே ஒன்ராறியோவில் இப்போது சீர்திருத்தம் பேசுவோர் வாக்களிப்பு முறையிலிருந்து தொடங்கக்கூடாது. போட்டி அறிவித்தபின் சேர்பவர் அந்தப் போட்டியிலேயே வாக்களிக்கலாமா, தொகுதிவாரியாக உறுப்பினர் தொகையும் விழுந்த வாக்கும் வெளியிடப்படுகின்றனவா, படிவம் சேர்த்தவரின் கையில் இருக்கும் பட்டியல் போட்டி முடிந்ததும் யாருக்குச் சொந்தம் என்பவைதான் முதலில் தீர்க்கவேண்டியவை. டக் ஃபோர்ட் மூன்றாவது முறையும் வென்றிருப்பதால் இக்கட்சிக்குள் அவற்றை இன்று எழுப்புவார் அதிகம் இல்லை. அடுத்த போட்டி வரும்போது, படிவங்கள் ஸ்காபரோவுக்கும் பிரம்டனுக்கும் மறுபடியும் வரும்முன்பே, அவற்றை எழுப்பவேண்டிய பொறுப்பு படிவத்தில் கையெழுத்திடப்போகும் நமக்கு இருக்கிறது.